மண்டபத்தை நிரப்பிய மகனுக்கு

கவின்,

போதுமான அளவு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். போன ஆடியிலிருந்து இந்த ஆடி வரைக்கும் நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் மழை வந்ததா, பிரஷர் மாத்திரை போட்டேனா, கல்யாணச் சமையல்காரரிடம் பேசியாகிவிட்டதா என்று பேசி வைத்துக்கொண்டோம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பது பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். இன்று காலையில் அந்த நினைப்பு போய்விட்டது. கம்பெனி கேன்டீனில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ட்ரெய்னிப் பையன் தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர்மேல் சாய்த்து வைத்து, "சார், செம்ம சார், நீங்களே இன்வைட் பண்றீங்க" என்றான். நீயும் நிவேதாவும் கடற்கரையில் கைகோத்து நடந்து வருகிறீர்கள். சட்டென்று என் முகம். "தம்பி, டீ குடிச்சியா?" என்கிறேன். உடனே நாதஸ்வரம், மேளம், ஆவணி முகூர்த்தத்துக்கு அனைவரும் வருக. மகனுடைய கல்யாண அழைப்பை நான் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம். நீ என்னை ஊர் பார்க்கிற இடத்தில் வைத்தாய். நானும் ஊர் படிக்கிற இடத்திலேயே பேசுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

நான் பொறியியல் படித்துவிட்டு, வேலைக்கு வந்த பிறகு அஞ்சல்வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவன். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன். எனக்குக் கீழே வேலை கற்றுக்கொண்டவன் இன்றைக்கு என் லீவுக்கு அனுமதி கொடுக்கிறான். அதை நான் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. நாடகக் குழு ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான் என்று உன் அம்மா சொல்வாள். இருக்கலாம். ஆனால் லைனில் நிற்கிற பையன்களையும் ஹாஸ்டலில் இருக்கிற பெண்களையும் வைத்து, சம்பளம் இல்லாமல், டிக்கெட் இல்லாமல், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு குழு இவ்வளவு காலம் நின்றது என்றால் அதை வெறும் கோபம் நிறுத்தியிருக்காது.

கையில் பெரிதாக ஒன்றும் இல்லாமல் ஒரு நாடகத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று நீ படித்த இடத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எங்களுக்குக் கிடைக்கிற மேடை கல்யாண மண்டபம். அது எங்களுக்குக் கட்டுப்படியாவது முகூர்த்தம் இல்லாத ஆடியில் மட்டும்தான். ஓனர் தனசேகரிடம் முதன்முதலில் கேட்கப் போனபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா சார், ஆடி மாசத்துல இங்க எலி புடிக்கிறவன்தான் வருவான். நீங்க நாடகம் போட்றேன்றீங்க. போட்டுக்கோங்க, போட்டுக்கோங்க. ஏசி மட்டும் கேக்காதீங்க." சரி என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தால், தெற்கத்திப் பையன்களெல்லாம் ஆடியில்தான் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறார்கள். மண்டபம் காலியாகிற மாதத்தில் பார்க்கிறவர்களும் காலி. நம் இசக்கிமுத்துவே ஒரு வருஷம் ஒத்திகைக்கு நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "நாடகம் அடுத்த வருசமும் வரும் சார். கொடைக்குப் போவலைன்னா எங்கம்மை என்னைய வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா" என்றான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். நன்றாக நடிப்பான், அதனால் சண்டை போட முடியவில்லை.

இதற்குள்தான் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் நோட்டீஸ் கொடுத்தால், ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்களிடம் கொடுக்கக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் அப்படியே கீழே விடுவார்கள். ஏறுகிறவர்களிடம் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து வேறு வழியில்லாமல் படிப்பார்கள். பென்னலூர் பக்கத்துப் பெண்கள் ஹாஸ்டல்களில் தனித்தனியாக யாரையும் கூப்பிட்டுப் பயனில்லை. வார்டன் அம்மாவுக்கு முதல் வரிசையில் நாற்காலி என்று சொல்லிவிட்டால் ஒரு மாடியே வேன் ஏறி வரும். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் கூட்டம் அலைமோதும். அங்கே கொடுக்கிற நோட்டீஸை மட்டும் மெல்லிய தாளில் அடிப்போம். ஏனென்றால் எல்லோரும் அதில்தான் விபூதி மடிப்பார்கள். விபூதி மடித்த தாளை யாரும் தூக்கி எறிவதில்லை, வீட்டுக்குப் போய் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். பிரிக்கும்போது எங்கள் நாடகத்தின் பெயர் தெரியும். நீ இதைக் கேட்டுச் சிரித்தாய். "ப்பா, இதெல்லாம் ஆக்டிவிட்டி. ரீச் இல்ல, நெறைய பேருக்குப் போய்ச் சேராது" என்றாய். உன் வயதில் இருக்கிறவர்கள் என்னைத் திருத்தும்போது நான் கம்பெனியிலேயே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருப்பேன். உன்னிடமும் அப்படியே இருந்தேன்.

நாடகத்தின் பெயர் 'காயம் இல்லை'. நான் எழுதியது, நீ பள்ளியில் படித்த காலத்திலிருந்து போடுகிறோம். படிக்கிறவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். ஒரு சூப்பர்வைசர். உற்பத்தி குறையக் கூடாது என்று, மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறான். ஒரு பையனுக்கு விரல்கள் போகின்றன. விஷயம் வெளியே தெரியாமல் அவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, யாருக்கும் காயம் இல்லை என்று மேலே சொல்லிவிடுகிறான். கடைசிக் காட்சியில் அந்தப் பையன் தன் சாமான்களை எடுத்துப் போக வருகிறான். ரூமில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்க வாய் திறக்கிறான், வரவில்லை. "தம்பி, டீ குடிச்சியா?" என்று கேட்கிறான். பையன் பதில் சொல்லாமல் ஒற்றைக் கையால் சட்டையை மடிக்கிறான். மறுபடியும் வாய் திறக்கிறான். அதே கேள்விதான் வருகிறது. பையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறான். யாரும் இல்லாத ரூமில் மூன்றாவது முறையும் கேட்கிறான். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான் நாடகம். சூப்பர்வைசராக நான், பையனாக இசக்கிமுத்து.

போன ஆடியின் முதல் காட்சிக்கு நீ வந்திருந்தாய். மாப்பிள்ளை, பெண் உட்கார்கிற சிம்மாசன நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு நாங்கள் நடித்தோம். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாக இருந்தன. வார்டன் அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் வேனும் வரவில்லை. நீ கடைசி வரிசையில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாய். முடிந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"எப்படிடா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா. பாக்கத்தான் ஆள் இல்ல."

"நோட்டீஸ் எல்லாம் குடுத்தோமே."

"நோட்டீஸை எவன்ப்பா படிக்கிறான்? விபூதில்ல மடிக்கிறான்."

இசக்கிமுத்து கையில் சுற்றிய கட்டைப் பிரித்துக்கொண்டே, "அண்ணன் சொல்லுறது சரிதான் சார். எங்க ரூம்லயே ஒருத்தன் சாம்பிராணிய மடிச்சு வச்சிருக்கான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தீர்கள். அப்போது நீ கேட்டாய், "அடுத்த ஷோவ நான் நெரப்பித் தரட்டுமா?" நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "எப்படியாவது நெரப்பு" என்றேன். இந்த வார்த்தை என்னுடையது. அதை நான் மறுக்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடித்துவிட்டு வந்தவன் வாயில் வேறென்ன வரும்?

நீ நிரப்பினாய். மூன்றாவது முறை நான் கேட்கிற அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் குத்துப்பாட்டு அடியைப் போட்டு, மேலே 'ஞாயித்துக்கிழமை OT கேக்க வர்ற சூப்பர்வைசர்' என்று எழுதி நெட்டில் போட்டாய். கெட்டிக்காரத்தனம்தான். இந்தப் பகுதியில் எந்த சூப்பர்வைசரும் OT-க்கு, அதாவது ஓவர்டைம் வேலைக்கு, ஆள் கேட்பதற்கு முன்னால் அப்படித்தான் குழைவான். ஒரு வாரத்தில் ஒரகடம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். படப்பை ஷேர் ஆட்டோவில் என்னைப் பார்த்து டிரைவர், "சார், நீங்கதான அது? ஒருவாட்டி சொல்லுங்க சார், வூட்ல போட்டுக் காட்றேன்" என்றார். எங்கள் கேட்டில் செக்யூரிட்டி என் பையைத் திறந்து பார்த்துக்கொண்டே, "சார், டீ குடிச்சீங்களா?" என்றார். மேலதிகாரி, அதாவது என்னிடம் வேலை கற்றவன், ஆயுத பூஜை அன்று மைக்கைப் பிடித்து, "நம்ம டிபார்ட்மென்ட் சூப்பர்ஸ்டார்" என்று என்னை மேடைக்கு அழைத்தான். போனேன். போகாமல் இருந்தால் திமிர் என்பார்கள்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த இரண்டாவது காட்சியைச் சொல்ல வேண்டும். நீ பெங்களூர் திரும்பிவிட்டாய், பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்து நாற்காலிகளையும் எடுத்துப் போட்டும் போதவில்லை. மாடியில் நின்றார்கள், ஜன்னலில் தொங்கினார்கள். தனசேகர் தானாகவே ஏசியைப் போட்டுவிட்டார். நான் மேடைக்கு வரும்போதெல்லாம் விசில். விரல் போகிற காட்சியில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "இது இல்லடா, இன்னும் வரல" என்று சொன்னது எனக்கே கேட்டது. கடைசிக் காட்சி வந்தது. நான் வாய் திறந்தேன். நான் கேட்பதற்குள் மண்டபம் முழுக்க ஒரே குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டது. அப்புறம் சிரிப்பு. நான் அப்படியே நின்றேன். கையில் கட்டோடு நின்ற இசக்கிமுத்து என்னைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். பிறகு, "குடிச்சிட்டேன் சார். OT-க்கு மட்டும் ஆள விடுங்க" என்றான். நாடகத்தில் அவனுக்கு அங்கே பேச்சே கிடையாது. கைதட்டலில் கூரையே ஆடியது.

அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் கொஞ்சமும் கோபப்படவில்லை. "என்ன சார் இப்படிச் சொல்லுதீய? நாள் பூரா அந்த மெஷின் முன்னாலதான் நிக்கோம். வெரல் போறத இங்க வந்து வேற பாக்கணுமா? ஒரு நாள் லீவுல சிரிச்சுட்டுப் போட்டும், விடுங்க" என்றான். "அப்போ நாடகம் எதுக்குடா?" என்று கேட்டேன். "எங்களுக்கு மேடை ஏறணும். அவங்களுக்குச் சிரிக்கணும். ஒங்களுக்கு மட்டும்தான் சார் வேற என்னமோ வேணும்" என்றான். அவன் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம். அதற்காக அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் குறையவில்லை.

உன்மேல் இருக்கிற கோபம் வேறு மாதிரி. மற்றவர்கள் தெரியாமல் சிரித்தார்கள். நீ தெரிந்தவன். பத்தாம் வகுப்பு முடித்த வருஷம், முதன்முதலாக அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டு, என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தாய். வண்டியை நிறுத்தியதும், "ஏம்ப்பா, அந்த ஆளு ஸாரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றாய். "வரலடா" என்றேன். "ஆமா, வராதுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். அன்றைக்கு நீ சரியாகச் சாப்பிடவில்லை. நான் எழுதியதை இதைவிட நன்றாக ஒருவரும் படித்ததில்லை. அப்படிப் படித்தவன் கையில்தான் கத்தரிக்கோல் இருந்தது. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அது எனக்குத் தெரியும். கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அப்பாவின் நாடகத்துக்கு ஆள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டுச் செய்த காரியத்தை எங்கே கொண்டுபோய்ச் சண்டை போடுவது?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது காட்சியிலும் மண்டபம் நிரம்பியிருந்தது. அன்றைக்கு அந்த வரிக்கு முன்னால் நான் ஒரு கணம் நிறுத்தினேன். பையனைப் பார்க்க வேண்டிய கண்ணைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்புறம் சொன்னேன். சிரிப்பு வந்தது, எப்போது வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, வந்தபோது எனக்குப் பிடித்திருந்தது. அன்றிலிருந்து அந்த வரியை அது எழுதப்பட்ட விதத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். குரல் தானாகவே குழைகிறது, தலை தானாகவே சாய்கிறது. கண்ணாடியில் நிற்பது உன் வீடியோவில் இருக்கிற ஆள். சொந்தமாக ஒரு ஆளை உருவாக்கி எழுதினேன். இப்போது என்னால் அவன் உடம்புக்குள் போக முடியவில்லை, இந்தக் கோமாளி உடம்பிலிருந்து வெளியே வரவும் முடியவில்லை.

வெளியே வரப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. மாசியில் ஒரு புது நாடகம் எழுதினேன். சூப்பர்வைசரே இல்லாத கதை. ஆடி பிறந்ததும் தனசேகரிடம் சொன்னேன். "புதுசா? இன்னா சார் இப்டி குண்டு போட்றீங்க? ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு சார், உங்க மூஞ்சி இம்மாம் பெருசு. எங்க மச்சான் கம்பெனியிலர்ந்து ஒரு பஸ்ஸே வருது. டீ இல்லன்னா மண்டபம் இல்ல, சொல்ட்டேன்" என்றார். பாதி வேடிக்கை, பாதி நிஜம். பையன்களிடம் கேட்டேன். புது நாடகத்தை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதையும் போடுவோம் சார், மொதல்ல டீய முடிச்சிருவோம்" என்றார்கள். 'காயம் இல்லை' என்ற பெயரையே யாரும் சொல்வதில்லை, டீ நாடகம் என்றாகிவிட்டது. விட்டுவிட்டுப் போகலாம் என்றால், இந்தக் காட்சிக்காக ஒவ்வொருத்தனும் ஷிப்ட் மாற்றிக்கொண்டிருக்கிறான்; நாலு பேர் கொடைக்குப் போவதையே தள்ளிவைத்திருக்கிறார்கள். என் காலி நாற்காலிகளுக்காக அவர்கள் ஒருநாளும் தள்ளிவைத்ததில்லை. அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே நடந்து போய் மேடை ஏறுவேன், சொல்லுவேன், அவர்கள் சிரிப்பார்கள்.

உனக்கு ஒரு புத்திமதி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதென்றால், இதைச் சொல்கிறேன். ஆளைக் கூட்டி வர எதைக் காட்டுகிறாயோ, வந்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள். அப்புறம் வேறு எதைக் கொடுத்தாலும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பார்கள். இது கடைக்குச் சரி. மனுஷனுக்குச் சரிவராது. கல்யாணமான புதிதில் நிவேதா ஏதாவது ஒன்றை வேடிக்கையாகச் செய்வாள். பூரியைக் கருக்குவாள், இல்லை கோபத்தில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவாள். உன் கை போனுக்குப் போகும். ஆயிரம் பேருக்குப் பிடிக்கவும் செய்யும். அதற்கப்புறம் அவள் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அதைச் செய்யச் சொல்வார்கள். ஒருநாள் அவள் நிஜமாகவே கோபப்படுவாள். அன்றைக்கு நீயே சிரித்துவிடுவாய். நான் பயப்படுவது அந்த நாளுக்குத்தான்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் நீ கூப்பிட்டாய். வீடியோவைப் பார்த்தேனா என்று கேட்டாய், பார்த்தேன் என்றேன். பிடித்ததா என்று கேட்காமலே அடுத்ததற்குப் போனாய்.

"ப்பா, ரிசப்ஷன்ல ஒரே ஒருவாட்டி. ஸ்டேஜ்ல. நான் கல்யாண டிரஸ்ல நிப்பேன், நீங்க வந்து மைக்ல கேக்குறீங்க. அவ்ளோதான். என் ஆபீஸ்ல எல்லாரும் அதுக்காகவே வர்றாங்க."

"கல்யாணத்துக்கு வர்றாங்களா, அதுக்கு வர்றாங்களா?"

"ரெண்டுக்கும்தான்ப்பா. ஏன் சீரியஸாவுறீங்க?"

உன் அம்மா பக்கத்திலிருந்து, "சொல்லிட்டுத்தான் போங்களேன். ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சா பூடும்? புள்ள ஆசப்பட்றான்" என்றாள். நான் லைனில் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பதிலை இப்போது சொல்கிறேன். உன் கல்யாணத்தில் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பேன். பந்தியில் நின்று விசாரிப்பேன். உன் தலையில் அட்சதை போடுவேன், அப்போது எனக்கு அழுகை வந்தால் அதைப் படம் பிடிக்காதே. மைக்கை மட்டும் என் கையில் கொடுக்காதே. கொடுத்தால் நான் சொல்லிவிடுவேன். அதுதான் என் பயம். உன் முகத்தைப் பார்த்து, அந்தக் குழைவோடு, ஒரு கணம் நிறுத்திச் சொல்லி, சிரிப்பை வாங்கிவிடுவேன். ஆசீர்வாதமாக உனக்குச் சொல்ல எனக்கும் ஒரு வார்த்தை இருக்கும், அது அன்றைக்கு வாயில் வராமல் போய்விடும்.

இதைத் தாளில் எழுதி, ஒரு சிற்றிதழுக்கு அனுப்புகிறேன். உனக்கு அவர்கள் ஒரு பிரதி அனுப்புவார்கள். முதல் வரியிலேயே உனக்கு யாரென்று தெரிந்துவிடும். இங்கே இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிடும், அவர்கள் சிரித்துக்கொண்டே படிப்பார்கள், அதைப் பற்றி நான் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அந்த இதழைத் திண்டுக்கல்லிலோ தர்மபுரியிலோ ஒருவர் படிப்பார், ஒரகடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர். அந்த வீடியோ அவர் கண்ணில் பட்டிருக்காது. விரல் போன பையன் ஒற்றைக் கையால் சட்டையை மடிப்பதைப் படித்த பிறகுதான் அவர் அந்தக் கேள்விக்கு வருவார். ஒரே ஒரு ஆள் போதும் எனக்கு. கீழே பெயர் போட்டால், யார் இவர் என்று போனை எடுத்துத் தேடிப் பார்ப்பார். தேடினால் முதலில் வருவது நீ போட்டதுதான். அதனால் பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.